பெயர் சொல்லக் கூடாத ஐந்து நாட்கள்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் "கதைதானே" என்று யாரும் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நடந்தது ஒடெஸா டோலிவருக்கு. அவளும் நானும் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறோம். படுக்கை விரிப்பை அவள் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து மடிப்போம். வருஷக்கணக்காக எதிரெதிரே நின்று துணி மடிக்கிறவர்களில் ஒருத்தி பொய் சொன்னால் மற்றவளுக்குத் தெரிந்துவிடும். இதை அவள் சொன்ன அன்று விரிப்பு அவள் முனையிலிருந்து என் முனை வரை நடுங்கியது. எனக்கு அது போதும்.

இன்னொன்று. ராத்திரிச் சமாசாரம் இல்லை இது. நெவாடா பாலைவனம், ஆகஸ்ட் மாதம், பட்டப்பகல். ராத்திரியாக இருந்தால் நிழல், பூனை, காற்று என்று எதையாவது சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அந்த வெயிலில் அதற்கும் வழியில்லை.

எங்கள் ஊரில் வெர்லின் என்று ஒருத்தி இருக்கிறாள். அறுபதைத் தாண்டியவள், முன்பு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். மண் ரோட்டில் வெகுதூரம் உள்ளே தள்ளி, தன் சொந்த நிலத்தில் செக்மெத்துக்குக் கோயில் கட்டி வைத்திருக்கிறாள். செக்மெத் பழைய எகிப்தின் தெய்வம். பெண் உடம்பு, சிங்கத் தலை. நோயை அனுப்புகிறவளும் அவள்தான், தீர்க்கிறவளும் அவள்தான். கும்பிட வருகிறவர்கள் லாரி ஓட்டுகிறவர், நர்ஸ், ஓய்வுபெற்ற டீச்சர் என்று சாதாரண ஆட்கள். பூசை முடிந்ததும் யார் கார் யார் காரை மறிக்கிறது என்று சண்டை போடுவார்கள். சிலையை வெர்லினின் கணவர் சாவதற்கு முந்தின வருஷம் சிமென்ட்டில் செய்து கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார். சிங்கம் கொஞ்சம் பூனை மாதிரி வந்துவிட்டது. அதை மட்டும் வெர்லின் காதுபடச் சொல்லக் கூடாது.

ஒடெஸா அங்கே போய்ச் சேர்ந்தது மகளுக்காக. ரெமிக்கு ஒன்பது வயது. சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. ஒரு தடவை இழுப்பு முற்றி நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யாரோ சொல்லி ஒடெஸா செக்மெத்துக்கு வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தாள். அதிலிருந்து பிடித்துக்கொண்டாள் ஒடெஸா. வேலை முடிந்தால் கோயில், லீவு கிடைத்தால் கோயில். தகப்பன் இல்லாத குழந்தை, டிரெய்லர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு கிடக்கும். எதிர் டிரெய்லரிலிருந்து குவின்டானா அம்மாள் எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

ரெமி வாய்க்காரி. ஒருநாள் என் முன்னாலேயே கேட்டாள்.

"சிங்கத்துக்குப் பசிச்சா நீ ஓடுறே. எனக்குப் பசிச்சா மைக்ரோவேவ். அப்படித்தானேம்மா?"

ஒடெஸா சிரித்தாள். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அந்தக் கோயிலின் பழக்கங்களில் மூன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உள் அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை, அதன் வழியாக வெளிச்சம் சிலைமேல் விழும். தரை முழுக்கச் சலித்த மணல். பூசை செய்தவள் வெளியே வரும்போது சிலைக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து, கையில் துடைப்பத்தோடு தன் காலடித் தடத்தைத் தானே பெருக்கிக்கொண்டு வர வேண்டும். மனிதர் வந்துபோன சுவடு இருக்கக் கூடாது. வெளியே வந்ததும் கதவைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி, கட்டைவிரலால் அழுத்தி முத்திரை வைக்க வேண்டும்.

அடுத்தது, கதவருகே "யாரது" என்று கேட்டால் "தூயவள்" என்று மட்டும்தான் பதில். பெயர் சொல்வதில்லை.

கடைசியாக, அந்த ஐந்து நாட்கள். பழைய எகிப்தியர் கணக்கில் மாதங்களெல்லாம் சேர்ந்தும் வருஷத்தில் ஐந்து நாள் மிச்சம் விழும். அவை பழைய வருஷத்திலும் சேராது, புது வருஷத்திலும் சேராது. அந்த நாட்களில் செக்மெத்தின் ஏவலாட்கள் ஊர் சுற்றுவார்களாம், பெயர் கேட்டுக்கொண்டு. அதனால் கோயில்காரர்கள் ஐந்து நாளும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பட்டப்பெயர்தான். வெளியிலிருந்து பார்த்தால் சிறுபிள்ளைகள் விளையாட்டு போல இருக்கும்.

ஐந்தாம் நாள் மதியம். வெர்லின் டவுனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியற்காலையில் புது வருஷப் பூசை, விருந்துக்குச் சாமான் வாங்க வேண்டும். அதற்கு முன் மதியப் படையல் வைத்து உள் அறையை முத்திரையிட வேண்டியது ஒடெஸாவின் முறை.

"ஏய் சலவைக்காரி, சோள ரொட்டி தட்டுல இருக்கு. பீர்ல மாதுளஞ்சாறு கலந்து வெச்சிருக்கேன். நீ குடிச்சிடாதே."

"நீங்க கலக்குற பீரை அந்தம்மாவே கடனேன்னுதான் குடிக்கிறாங்க, பல்லம்மா."

"வாயைப் பாரு. எல்லாப் பல்லையும் பிடுங்கிருவேன்." வெர்லின் கார் கதவைத் திறந்தபடி நின்றாள். "சின்னது எப்படி இருக்கு?"

"காலையிலேர்ந்து இழுக்குது. நேத்து அடிச்ச புழுதி. மருந்து மெஷினை நான் போய்த்தான் வெக்கணும், தனியா வெச்சுக்க பயப்படுறா."

"அப்ப சட்டுனு முடிச்சிட்டு ஓடு. தடத்தை ஒழுங்கா தொட. உன் தடத்தை மட்டும், புரியுதா? போன வருஷம் லாரிக்காரன் எல்லார் தடத்தையும் சேர்த்துப் பெருக்கிட்டான்."

"அதனால என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு, நான்தான் கத்தினேன்."

வெர்லினின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சுற்றிலும் ஆள் அரவம் இல்லை. ஒடெஸா ரெமிக்குப் போன் செய்தாள்.

"எப்பம்மா வருவே?"

"இதோ."

"உன் இதோ எனக்குத் தெரியும்." சொல்லும்போதே மூச்சு விசிலடித்தது.

"சத்தியமா இதோ, கண்ணு. படுத்திரு. ஓடி ஆடாதே."

போனைப் பையில் போட்டாள். உள்ளே உலோகம் கொண்டுபோகக் கூடாது. சாவி, போன், கம்மல் எல்லாம் பைக்குள். பையை முன் அறை ஆணியில் மாட்டினாள். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து, கை கால் கழுவி, வெள்ளைப் பருத்தி அங்கியை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போனாள்.

முதல் அடியிலேயே வாசனை வந்தது. வழக்கமான குந்திரிக்கத் தூப வாசனை இல்லை. மிருக வாசனை. நாய் மழையில் நனைந்தால் வருமே, அது.

மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

எங்கேயோ எலி செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். விளக்கை ஏற்றினாள். ரொட்டியை வைத்தாள். மண் கிண்ணத்தில் சிவப்பு பீரை ஊற்றினாள். சொல்ல வேண்டியதை வேகவேகமாகச் சொன்னாள். மனசு முழுக்க ரெமியின் மூச்சுதான். பாதி மந்திரத்தை முழுங்கினாள் என்று அவளே ஒத்துக்கொள்கிறாள்.

விளக்கை அணைக்கக் குனிந்து, நிமிர்ந்தாள்.

கிண்ணம் காலியாக இருந்தது.

விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை. அடுப்பில் வைத்து எடுத்த சட்டி போல உலர்ந்து கிடந்தது. ஊற்றவில்லையோ, ஊற்றியதாக நினைத்துக்கொண்டேனோ என்று குழம்பினாள். ஜாடியிலிருந்து மறுபடி ஊற்றினாள். இந்தத் தடவை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. தன்மீதே எரிச்சல் வந்தது. துடைப்பத்தை எடுத்தாள்.

சர்... சர்... சர்...

பின்பக்கமாக நடந்தபடி பெருக்கினாள். கதவு வாசலுக்கு வந்து பார்த்தபோது நடுவில் ஒரு வரிசைத் தடம் அப்படியே கிடந்தது. விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று திரும்பப் போய் அதையும் பெருக்கினாள். சிலையின் காலடியிலிருந்து வாசல் வரை. வெறுங்கால் தடம், அவள் பாதம் அளவுதான்.

கடைசித் தடத்தின் மேல் துடைப்பம் படும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் பின்பக்கமாக நடந்து வந்தவள். அவள் தடத்தில் விரல்கள் சிலையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

அந்தத் தடத்தில் விரல்கள் வாசலைப் பார்த்து இருந்தன.

நிமிர்ந்தாள். கதவு மூடிக்கொண்டிருந்தது. படாரென்று இல்லை. தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் அறைக் கதவைச் சாத்துவோமே, அப்படி மெதுவாக.

டொக்.

பிறகு கயிறு உராயும் சத்தம். முடிச்சுப் போடும் சத்தம். அதன்மேல்... சளக். ஈரக் களிமண்.

"பல்லம்மா, விளையாடாதீங்க. நான் உள்ள இருக்கேன்."

கதவைத் தட்டினாள்.

"சாமான் வாங்கப் போகலையா? தொறங்க. ரெமி..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐந்தாம் நாள். பெயர் சொல்லக் கூடாது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்றிருந்தார்கள். மூச்சு கேட்டது. நீளமான மூச்சு. பிறகு கேள்வி வந்தது.

"யாரது உள்ளே?"

வெர்லினின் குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஒடெஸா முறைப்படி சொன்னாள்.

"தூயவள்."

"யாரது?"

"தூயவள். தொறங்க, நேரமாகுது."

"யாரது?"

வெயில் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. அறைக்குள் காற்று அசையவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. அங்கே குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள், இங்கே கேள்வி பதில் விளையாட்டு. ஒடெஸாவுக்குப் பொறுமை அறுந்துவிட்டது.

"ஒடெஸா. ஒடெஸா டோலிவர். போதுமா? கதவைத் திற. என் பொண்ணு வீட்ல தனியா இருக்கா. அவளுக்கு மருந்து வெக்கணும்."



பிறகு ஒரு குரல், அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, வாயில் போட்டு ருசி பார்ப்பது போல.

"ஒடெஸா... டோலிவர்... என் பொண்ணு... வீட்ல... தனியா இருக்கா..."

அது ஒடெஸாவின் குரல்.

பை ஆணியிலிருந்து இறங்கியது. ஜிப் திறந்தது. சாவிக் கொத்து குலுங்கியது. வெறுங்கால் முன் அறைத் தரையில் பட்டுப் பட்டு விலகியது. அவள் காரில் பழைய பெல்ட், கிளப்பும்போது நீளமாக ஒரு கீச்சு போடும். ஊரில் வேறு எந்தக் காரும் அப்படிக் கத்தாது.

கீ...ச்...

கார் மண் ரோட்டில் ஏறியது. சத்தம் தேய்ந்தது. வீட்டுப் பக்கமாக.

ஒடெஸா கத்தினாள். என்னிடம் சொன்னபோது அவள் அந்தக் கத்தலைச் செய்து காட்டவில்லை, கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். தோளால் கதவை இடித்தாள். காலால் உதைத்தாள். படையல் ஜாடியைத் தூக்கி அடித்தாள், ஜாடிதான் உடைந்தது. ஓட்டுச் சில்லால் கதவிடுக்கில் குத்திக் கயிற்றைத் தேடினாள். எட்டவில்லை. மண்சுவரைச் சுரண்டினாள். நகம் போனது.

கேட்பதற்கு யாரும் இல்லை. பக்கத்து வீடு என்பது அங்கே கண்ணுக்கெட்டாத தூரம்.

அவள் தன் உயிருக்குப் பயப்படவில்லை. சத்தியமாகச் சொன்னாள். அது இப்போது ரெமியிடம் போய்க்கொண்டிருக்கிறது. அம்மாவின் முகத்தோடு போகும். அம்மாவின் சாவியால் கதவைத் திறக்கும். குழந்தை "வந்துட்டியாம்மா" என்று கையை நீட்டுவாள்.

அந்த நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

சிலையின் முன்னால் போய் விழுந்தாள். கெஞ்சினாள். திட்டினாள். வெளிச்சம் சிலையின் முகத்திலிருந்து இறங்கி மார்புக்கு வந்திருந்தது. முகம் இருட்டிக் கிடந்தது. எழுந்து மறுபடி கதவுக்கு ஓடினாள். மறுபடி சிலைக்கு. மறுபடி கதவுக்கு.

எத்தனை தடவை ஓடினாளோ.

நின்று தரையைப் பார்த்தாள்.

மணல் பெருக்கினபடியே இருந்தது.

ஒரு தடம்கூட இல்லை.

காலை ஓங்கி மிதித்தாள். குதிகாலால் குத்தினாள். விரலை வைத்துக் கோடு இழுத்தாள்.

மணல் அசையவில்லை.

கையை வெளிச்சத்தில் நீட்டினாள். கை தெரிந்தது. சிலைமேல் நிழல் விழவில்லை.

நான் இருக்கிறேன், என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். நான்... பெயரைச் சொல்ல வாயெடுத்தாள்.

வரவில்லை.

தொண்டையில் சிக்கியதால் அல்ல. தலைக்குள்ளேயே இல்லை. என்ன பெயர்... அம்மா என்ன சொல்லிக் கூப்பிடுவாள்... சம்பளச் சீட்டில் என்ன இருக்கும்...

ஒன்றுமில்லை.

ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது.

ரெமி.

அதைப் பிடித்துக்கொண்டாள். வாயில் எச்சில் வற்றும்வரை சொன்னாள்.

ரெமி... ரெமி...

வெளிச்சம் சிலையை விட்டு இறங்கியது. மணலில் ஊர்ந்தது. சுவரில் ஏறியது.

ரெமி...

குரல் போய் உதடு மட்டும் அசைந்தது.

பிறகு...

வெளியே ஏதோ விரிசல் விட்டது. காய்ந்த களிமண் உடைந்து தரையில் விழுந்தது. கயிறு தானாக நழுவியது. கதவு ஒரு கை அகலம் திறந்தது. முன் அறை வெளிச்சம் மணலில் நீளமாக விழுந்தது.

அந்த வெளிச்சத்தில் தரையெங்கும் தடம். பைத்தியம் பிடித்தவள் ஓடின தடம், குறுக்கும் நெடுக்குமாக, அத்தனையும் அவளுடையது.

"ஒடெஸா," என்றாள். பெயர் வந்துவிட்டது.

பெருக்கவில்லை. பின்பக்கமாக நடக்கவும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள். பை ஆணியில் தொங்கியது. சாவி உள்ளே இருந்தது. கார் நிறுத்தின இடத்திலேயே, கொதிக்கிற வெயிலில் நின்றது. கதவைத் திறந்தாள். உள்ளே சில்லென்று இருந்தது. அப்போதுதான் யாரோ ஏசியை அணைத்துவிட்டு இறங்கியது போல.

சீட்டில் அந்த வாசனை.

எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. டிரெய்லர் வாசலில் குவின்டானா அம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன, மறுபடி எங்க போயிட்டு வர்ற? முன்னாடி வந்தப்போ கை காட்டினேன், நீ பாக்கவே இல்ல. வெள்ளை கவுன்ல, காலுல செருப்புகூட இல்லாம. வெயில்ல கால் பொசுங்கிடாதா?"

ஒடெஸா உள்ளே ஓடினாள்.

ரெமி சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். மார்பு சீராக ஏறி இறங்கியது. விசில் இல்லை. மருந்து மெஷினின் மூடியைக் கழுவித் துணியில் கவிழ்த்து வைத்திருந்தது. தலை வாரிப் பின்னியிருந்தது, ஒரு முடி பிசகாமல். சிறு சிறு பின்னல்கள், ஒடெஸாவுக்குப் பின்னத் தெரியாத தினுசில். அவள் குழந்தையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். ரெமி கண்ணைத் திறந்து பார்த்து, "வந்துட்டியா," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

சாயங்காலம் வெர்லின் வந்தாள். வரும்போதே முகம் மாறியிருந்தது. கைக்குட்டையில் களிமண் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வந்திருந்தாள். முத்திரை வைத்த துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். கட்டைவிரல் ரேகை, குறுக்கே ஒரு தழும்பு. ஒடெஸா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். மோட்டல் இஸ்திரி மெஷினில் சுட்டுக்கொண்ட தழும்பு. பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. நடந்ததையெல்லாம் வெர்லினிடம் சொன்னாள்.

"அவளேதான்டி," என்றாள் வெர்லின். அழுதுகொண்டிருந்தாள். "உன் பொண்ணுக்கு மருந்து கொடுக்க அவளே நேர்ல வந்திருக்கா. நாப்பது வருஷமா கும்பிடுறேன், எனக்கு வரல. உனக்கு வந்திருக்கா."

"அப்ப என்னை எதுக்கு உள்ள போட்டுக் கட்டினா?"

வெர்லின் களிமண் துண்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள்.

"மருந்து கொடுக்கணும்னா என்னை விட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே. சொல்லுங்க. எதுக்கு?"

"எனக்குத் தெரியலடி," என்றாள் வெர்லின். அந்தக் கிழவி எதையாவது தெரியாது என்று சொல்லி நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒடெஸா அதற்குப் பிறகு கோயில் பக்கம் போகவில்லை. அங்கியை எரித்துவிட்டாள். வேலை முடிந்தால் வீடு, லீவு என்றால் வீடு. ரெமிக்கு அன்றிலிருந்து ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. டாக்டர் வளர வளரச் சரியாகிவிடும் என்றார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். அந்த மதியத்தைப் பற்றி ஒடெஸா குழந்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்கப் பயம். அம்மா வந்தாள், மருந்து வைத்தாள், போனாள், பிறகு வந்தாள். குழந்தை அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

நவம்பர் கடைசியில் ஒரு விடுமுறை நாள். இரண்டு பேரும் சமையலறையில் நின்று சீஸ் மாக்கரோனி செய்துகொண்டிருந்தார்கள். ரெமி சீஸைத் துருவிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"அன்னைக்கு வந்தாங்களே, அவங்க சமைக்கலம்மா. மருந்து மட்டும்தான் வெச்சாங்க."

ஒடெஸாவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"யாரு?"

"அதான், உன்ன மாதிரி வந்தாங்களே."

"நான்தானே வந்தேன்."

ரெமி சிரித்தாள். "நீ மருந்து வெக்கும்போது போனைப் பாத்துக்கிட்டே வெப்பே. அவங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. முழு நேரமும். கண்ணே சிமிட்டல."

அடுப்பில் பால் பொங்கியது. ஒடெஸா அணைக்கவில்லை.

"அப்புறம்?"

"தலை பின்னி விட்டாங்க. அப்புறம் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"அவ திரும்பி வரட்டுமா, இல்ல நானே இருந்துடட்டுமான்னு."

ஒடெஸா கரண்டியைக் கீழே வைத்தாள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

"நீ... நீ என்னடி சொன்னே?"

"நீ வரணும்னுதான் சொன்னேன். அதான் வந்துட்டியே." ரெமி துருவலை ஒதுக்கிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

ஒடெஸா இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"உடனே சொன்னியா, கண்ணு?"

ரெமியின் கை நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சீஸைப் பார்த்தாள்.

"இல்லம்மா. ரொம்ப நேரம் யோசிச்சேன்," என்றாள். "அவங்க எங்கயும் போக மாட்டேன்னு சொன்னாங்க."